“சும்மா” இருக்கும் உம்மா

இந்த வருடம் முதலாம் தவணை தொடங்கியதும் வகுப்பாசிரியை எங்கள் கைகளில் ஒரு தகவல் படிவத்தைத் தந்தார். பெயர், முகவரி, தந்தையின் தொழில், தாயின் தொழில் என்று வழமையான கேள்விகள்தாம். தாயின் தொழிலுக்கு எதிரே நான் யோசிக்காமலே “இல்லை” என்று எழுதினேன். என் வாங்கிலிருந்த நால்வரில் மூவர் எழுதியதும் அதுவே. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டபோது, “நான் சும்மாதானே ஊட்டுல இரிக்கன். வேறென்னத்த எழுதுற?” என்றார். அந்த நேரம் அவர் ஒரு கையால் தேங்காய் துருவிக்கொண்டு, மறு கையால் வாசலுக்குள் நுழைந்த கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் “சும்மா” என்ற சொல்லைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

கடந்த வருடம் உம்மா டெங்குக் காய்ச்சலோடு ஆறு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் இரண்டு கிழமைக்கு எழும்பி வேலை செய்ய முடியவில்லை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். ஒரு வீட்டை நடத்துவது பெரிய விடயமா என்றுதான் நினைத்தேன். முதல் நாள் சோறு குழைந்தது, இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. அதையாவது வாப்பாவும் தம்பியும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு கோழிக்கூட்டின் கதவுக்குக் கொண்டி போட மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் மரநாய் வந்து போயிருந்தது. முட்டையிட்டுக்கொண்டிருந்த நான்கு கோழிகள் போய்விட்டன. வளவெங்கும் இறகு. உம்மாவுக்கு அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

அந்த நான்கு கோழிகளின் பெறுமதி எனக்கு அப்போதுதான் புரிந்தது. 2022ஆம் ஆண்டை எங்களில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதாவது முந்திய வருடம் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் தேவைப்பட்டது. முட்டை விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தப் பார்த்தது. அது சரிவராமல் 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் முட்டைக்குக் குறை வரவில்லை. உம்மாவின் ஊர்க்கோழிகள் அதைப் பார்த்துக்கொண்டன. எஞ்சிய முட்டைகளைப் பக்கத்து வீட்டு மாமிக்கும் கடைக்கும் கொடுத்த காசில்தான் என் மேலதிக வகுப்புக் கட்டணம் போனது. பெருநாளைக்கு வட்டிலப்பமும் அவித்தோம். இவ்வளவையும் செய்தவர்தான் “சும்மா” இருந்தவர்.

உம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவர் செய்வதெல்லாம் வெறும் பழக்கமல்ல, அறிவு. கோழி அடைக்கு உட்காரும்போது வைக்கும் முட்டைகளில் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுவார். பிறகு வேறு கோழி வந்து அதே கூட்டில் முட்டையிட்டால், கோடில்லாத முட்டையை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் குஞ்சுகள் வெவ்வேறு நாட்களில் பொரிக்க, தாய்க்கோழி முந்திய குஞ்சுகளோடு எழும்பிப் போய்விடும், பிந்திய முட்டைகள் வீணாகும். ஏழாம் எட்டாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் தெரிந்தால் கரு இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் அது கூழ்முட்டை. இருபத்தோராம் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பார். முளையத்தின் விருத்தியைப் படம் வரைந்து பெயரிட்டுப் புள்ளி வாங்கியவள் நான். ஒரு முட்டையைக்கூட அப்படிக் கையில் ஏந்திப் பார்த்ததில்லை.

தையலிலும் இதே கதைதான். தையற்கடையில் வெட்டித் தள்ளும் துண்டுத் துணிகளை உம்மா வாங்கி வருவார். பருத்தியை வேறாக, பொலியெஸ்டரை வேறாகப் பிரிப்பார். பருத்தியை முதலில் ஊறவைத்துக் கழுவிக் காயவைப்பார். கழுவாமல் தைத்தால் பிறகு அது சுருங்கி விரிப்பு முழுவதும் இழுபடும். மூத்தம்மாவின் ஊர் மருதமுனை. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த அவருடைய பழைய கைத்தறிச் சாறன்தான் எங்கள் வீட்டு விரிப்பொன்றுக்கு அடித்துணி.

உம்மா படுத்திருந்த அந்த இரண்டு கிழமையில், அவர் பாதியில் விட்டிருந்த விரிப்பை நானே முடித்துக் காட்டுவதென்று நினைத்தேன். ஐந்தடி அகலம், ஏழடி நீளம். ஆறு அங்குலச் சதுரமென்றால் பத்துக்குப் பதினான்கு, மொத்தம் 140 துண்டுகள். கணக்குச் சரிதானே என்று மிச்சத் துண்டுகளையெல்லாம் ஆறு அங்குலமாக வெட்டிவிட்டேன். உம்மா படுக்கையிலிருந்தே அவற்றைப் பார்த்துவிட்டு, “தையலுக்கு எங்க புள்ள துணி உட்ட?” என்று கேட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். ஆறரை அங்குலமாக வெட்டினால்தான் ஆறு அங்குலம் நிற்கும். என் கணக்கில் தைத்திருந்தால் அகலத்தில் 5 அங்குலமும் நீளத்தில் 7 அங்குலமும் குறைந்திருக்கும். கணிதத்தில் ‘ஏ’ எடுத்தவளுக்கு எட்டாம் வகுப்புப் படித்தவர் சொல்லித் தந்த பாடம் இது.

பொருளியல் பாடத்தில் நாங்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் படிக்கிறோம். அதிலுள்ள ஒரு விதி என்னை யோசிக்க வைத்தது. தேசியக் கணக்குகளுக்கான சர்வதேச முறையின்படி, நாமே உண்பதற்காக வளர்க்கும் கோழியின் முட்டையும் உற்பத்திதான். ஆனால் அந்த முட்டையைப் பொரித்துத் தட்டில் வைப்பது உற்பத்தியல்ல. அதே முட்டையைச் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் சம்பளத்துக்குப் பொரித்தால் அது உற்பத்தி! எங்கள் நாட்டின் தொழிற்படைக் கணக்கிலும் வீட்டு வேலைகளை மட்டுமே செய்யும் பெண்கள் “பொருளாதார ரீதியில் செயற்படாதோர்” என்ற பிரிவிலேயே சேர்க்கப்படுகிறார்கள். முட்டை விற்கும் உம்மா ஒருவேளை அதற்குள் அடங்காமல் போகலாம். ஆனால் யார் வந்து கேட்டாலும் அவருடைய வாயில் முதலில் வருவது “சும்மா இரிக்கன்” என்ற பதில்தானே!

உலகம் மெல்ல மாறிவருகிறது என்பதும் உண்மை. வீட்டின் சொந்தப் பாவனைக்காகச் செய்யும் உற்பத்தியும் சேவையும் “வேலை”தான் என்று 2013இல் தொழில் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்டது. எமது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் 2017இல் முதன்முறையாக, மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. ஆனால் திணைக்களம் எண்ணத் தொடங்கினால் மட்டும் போதாது. வீட்டிலுள்ளவர்களும் எண்ண வேண்டும்.

இங்கே இரண்டு தரப்பாருடன் நான் முரண்படுகிறேன்.

முதல் தரப்பார் எங்கள் பெரியவர்களில் சிலர். “பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு, கடைசியில குசினிதானே” என்பவர்கள். வீட்டு வேலையை இவர்கள் புகழ்வதுபோல் தெரியும். உண்மையில் புகழவில்லை. அறிவே தேவைப்படாத வேலை என்று நினைப்பதால்தான் அதற்குப் படிப்பு வேண்டாம் என்கிறார்கள். உம்மா எட்டாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் அவருடைய கோழிகள் குறைந்திருக்கப் போவதில்லை. கணக்கு எழுதி, கடனெடுத்து, நூறு கோழிகளாகப் பெருக்கியிருக்கவும் கூடும்.

இரண்டாம் தரப்பார் என்னைப் போன்ற மாணவிகள். “எனக்குத் தேத்தண்ணி ஊற்றவும் தெரியாது” என்று பெருமையாகச் சொல்லித் திரிபவர்கள். படித்த பெண் என்பதற்கு அது அடையாளம் என்று நானும் நம்பியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், குசினி போதும் என்ற பெரியவருக்கும் குசினி கேவலம் என்ற எனக்கும் ஒரே எண்ணம்தான். உம்மாவின் வேலை ஒரு வேலையே அல்ல என்று இருவரும் நினைத்தோம்.

இவ்வேலை பெண்களுக்கு மட்டுமே உரியது என்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடுபவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ளட்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றே கூறினார்கள். தமது ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாகவும் அறிவிப்புகள் உள்ளன. அப்படியிருக்க, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி கழன்ற சட்டைப் பொத்தானை உம்மாவிடம் நீட்டுவது எந்த ஸுன்னத்?

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் அடுப்பையும் ஊசியையும் பழக்குங்கள். மகளுக்கு அவற்றைப் பழக்குவதைக் காரணம் காட்டி அவளுடைய படிப்பை நிறுத்தாதீர்கள். சக மாணவிகளிடமும் ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் ஒரு நாளேனும் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவர் செய்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

நான் சட்டம் படிக்க விரும்புகிறேன், இன்ஷா அல்லாஹ். கோழி வளர்ப்பது என் இலட்சியமல்ல. ஆனாலும் இப்போது கோழிக்கூட்டுக்குக் கொண்டி போடுவது என் பொறுப்பு, காலையில் தீன் வைப்பது தம்பியின் பொறுப்பு. போன மாதம் அடைவைத்த பதினொரு முட்டைகளில் ஒன்பது பொரித்தன. கோடு போட்டது நான்தான்.

அந்தப் படிவத்தையும் ஆசிரியையிடம் திரும்பக் கேட்டு வாங்கினேன். “இல்லை” என்பதை வெட்டிவிட்டு, “வீட்டு முகாமை, தையல், கோழி வளர்ப்பு” என்று எழுதினேன். அந்தச் சிறிய பெட்டிக்குள் சமையலுக்கு இடம் போதவில்லை.