எலுமிச்சம்பழமும் மந்திரக்கோலும்



புளியங்குடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எலுமிச்சம்பழம்தானே! ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் வந்தால், வாசுதேவநல்லூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். மேற்கே மலை, அடிவாரமெல்லாம் எலுமிச்சைத் தோட்டம். மார்க்கெட்டில் மலை போலக் குவித்திருக்கும் பழம் மூட்டை மூட்டையாகக் கேரளாவுக்கு லாரி ஏறும்.

சின்ன வயதில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம். கதைகளில் வருகிற மந்திரவாதி எல்லோரும் கையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்களே... ஒரு வருஷம் எங்கள் ஊரில் மழை பெய்யாமல், பழமே காய்க்காமல் போய்விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆச்சியிடம் கேட்டேன்.

"ஊறுகா போட முடியாம நாமதான் கஷ்டப்படணும். அவனுக்கென்னல... வேற எதையாவது சொல்லித் துட்டு வாங்கிருவான்" என்றார் ஆச்சி.

அப்போது எனக்கு அது புரியவில்லை. ஆனால், இன்று உங்களிடம் சொல்ல வந்த விஷயத்தில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

போன மாதம் நூலகத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். கூடவே ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், தலையணை கனத்தில் ஹாரி பாட்டர் புத்தகம், தமிழ் மொழிபெயர்ப்பு!

"சார், நீங்களே சொல்லுங்க. எந்நேரமும் மந்திரம், மாயம், சூனியக்காரின்னு இதையே வாசிக்கான். பாடப் புத்தகத்தைத் தொட மாட்டேங்கான். இப்படியே போனா மூடநம்பிக்கைலதான போய் முடியும்?" என்றார் அந்த அம்மா.

அந்த அம்மாவின் கவலை நியாயமானதுதான். பாடத்தைத் தொடாமல் இருப்பது தப்பு. அதற்கு அவன் திட்டு வாங்கட்டும். ஆனால், மந்திரக் கதை படித்தால் மூடநம்பிக்கை வரும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த விஷயத்தில் நான் பையன் பக்கம்!

ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் இங்கிலாந்தில் 1997 ஜூன் 26ல் வெளிவந்தது. எழுதியவர் ஜே.கே. ரவுலிங். பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கதை அது. கடைசியில் ஏற்றுக்கொண்ட பதிப்பகமும் கெட்டி அட்டைப் பதிப்பாக முதலில் அச்சிட்டது வெறும் 500 பிரதிகள்தான். 2007ல் ஏழாவது புத்தகத்தோடு கதை முடிந்தது. இன்றைக்கு 80க்கும் மேற்பட்ட மொழிகளில், 60 கோடிக்கும் மேல் பிரதிகள் விற்றிருக்கின்றன. அடேயப்பா!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு பச்சைக் குழந்தை. அதன் அப்பாவைக் கொடியவன் ஒருவன் கொன்றுவிடுகிறான். குழந்தை வேறொருவர் வீட்டில் வளர்கிறது. தான் யார், தன் பெற்றோர் யார் என்று அதற்குத் தெரியாது. அது யாருடைய பிள்ளை என்பதற்கு ஓர் அடையாளம் மட்டும் உண்டு. வளர்ந்த பிறகு ஒருவர் வந்து உண்மையைச் சொல்கிறார்...

"ஹாரி பாட்டர்!" என்று கத்துகிறீர்களா? இல்லை. இது சீவகன் கதை! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருத்தக்கதேவர் எழுதிய சீவக சிந்தாமணி. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தனை அவனுடைய அமைச்சன் கட்டியங்காரனே வஞ்சகமாகக் கொல்கிறான். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி விசயை, மயில் வடிவப் பறக்கும் பொறியில் ஏறித் தப்பிக்கிறாள். பொறி போய் இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஹாரிக்கு நெற்றியில் தழும்பு. சீவகனுக்கு அப்பாவின் பெயர் பொறித்த மோதிரம். ஹாரியை வளர்த்தவர்கள் பெரியப்பா, பெரியம்மா. அவர்கள் அவனை மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைத்தார்கள். சீவகனை வளர்த்த கந்துக்கடன் என்ற வணிகரோ அவனைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். ஹாரிக்கு ஹாக்ரிட் வந்து உண்மையைச் சொன்னது போல, சீவகனுக்கு அவன் ஆசிரியர் அச்சணந்தி சொன்னார். சொன்னதோடு விடவில்லை, ஆத்திரத்தில் உடனே வாளைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, பொறுத்திரு என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். நல்ல வாத்தியார்!

ரவுலிங் அம்மையார் சிந்தாமணியைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அநாதையாக நிற்கும் குழந்தை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை எல்லா ஊர்க்காரர்களுக்கும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களைச் சொல்லிக் கொடுக்கிறது. ஒன்று வேற்று உருவம் எடுக்க. ஒன்று வானத்தில் பறக்க. இன்னொன்று பசியைத் தாங்க. அப்புறம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரமும் கிடைக்கிறது. இவ்வளவும் கையில் இருந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? (நான் பரீட்சை அன்றைக்குப் பறந்து போயிருப்பேன்!) மணிமேகலை பசித்தவர்களைத் தேடிப் போய்ச் சோறு போடுகிறாள். சிறைக்கூடத்துக்குள் போய்க் கைதிகளுக்குப் பரிமாறுகிறாள். "என்ன வேண்டும்?" என்று அரசன் கேட்டபோது, தனக்கென்று எதுவும் கேட்காமல், அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்றச் சொல்கிறாள். மந்திரம் கிடைத்தவள் அதை வைத்து என்ன செய்தாள் என்பதைத்தான் சாத்தனார் பக்கம் பக்கமாகப் பாடியிருக்கிறார்.

உங்கள் அம்மா, அப்பாவும் மந்திரக் கதை படித்து வளர்ந்தவர்கள்தான். நம்பாவிட்டால் 'அம்புலிமாமா' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1947 ஜூலையில், நாடு விடுதலை அடைவதற்கு ஒரு மாதம் முன்பு நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. இப்போது வருவதில்லை. தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு விக்கிரமாதித்தன் நடக்கும் படம் அதில் மாதாமாதம் வரும். வரைந்தவர் ஓவியர் சங்கர். வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும்! நானும் என் அண்ணனும் பக்கத்தைத் திருப்பாமல், முதலில் நாங்களே பதில் யோசிப்போம். சண்டை கூட வரும். யோசித்துச் சண்டை போடுகிற பிள்ளைகளிடம் மூடநம்பிக்கையை விற்பது அவ்வளவு சுலபமில்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நல்ல மந்திரக் கதையில் மந்திரத்துக்கும் சட்டம் உண்டு. ரவுலிங்கின் உலகத்தில் செத்தவரை மந்திரத்தால் திரும்பக் கொண்டு வர முடியாது. ஒன்றுமில்லாததிலிருந்து சோறு வரவழைக்க முடியாது (இந்த இடத்தில் நம் மணிமேகலை ஒரு படி மேலே!). ஹாரிக்கு அம்மா, அப்பா கடைசிவரை திரும்பக் கிடைப்பதில்லை. ஆபத்து வரும்போதெல்லாம் ஹெர்மயனி முதலில் ஓடுவது எங்கே தெரியுமா? நூலகத்துக்கு!

அந்த ஹெர்மயனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அம்மாவும் அப்பாவும் பல் டாக்டர்கள். மந்திரம் அறியாத சாதாரண மனிதர்கள். மந்திரக் குடும்பத்தில் பிறந்த சில மாணவர்கள், "எங்கள் ரத்தம் சுத்த ரத்தம், உன் ரத்தம் அழுக்கு" என்று அவளைக் கேவலமாகப் பேசுகிறார்கள். ஆனால் வகுப்பில் முதலாவதாக வருபவள் அவள்தான். சுத்த ரத்தம் என்று கூச்சல் போடும் கூட்டத்தின் தலைவன் வோல்டமார்ட்டின் அப்பாவே மந்திரம் அறியாதவர்தான்! இதைப் படிக்கும்போது எனக்கு இங்கிலாந்து நினைவு வரவில்லை. நம்முடைய தென்மாவட்டப் பள்ளிக்கூடங்கள்தான் நினைவுக்கு வந்தன. கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து, "நீ எந்த ஆளு?" என்று கண்டுபிடிக்கிற பழக்கம் இங்கே இருக்கிறதா, இல்லையா? 2023ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024ல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளையும் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. பெரியவர்கள் உங்களிடம் பேசத் தயங்குகிற விஷயம் இது. ஒரு மந்திரக் கதை தயங்காமல் பேசுகிறது.

சரி, மூடநம்பிக்கைக்கு வருகிறேன்.

எங்கள் உறவினர் ஒருவர். எலுமிச்சைத் தோட்டத்தில் பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல், மந்திரிக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். வேப்பிலை, விபூதி... எங்கள் ஊர் எலுமிச்சம்பழமும் இருந்தது. மூன்று மணி நேரம் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. கடித்தது கண்ணாடிவிரியன். அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து பிழைத்தார். ஆனால், பழையபடி மண்வெட்டி பிடிக்க முடியவில்லை.

அவரோ, அவரைக் கூட்டிப் போனவர்களோ வாழ்நாளில் ஒரு மந்திரக் கதைப் புத்தகம் படித்தவர்கள் இல்லை!

'மந்திரித்தால் சிலர் பிழைக்கிறார்களே?' என்று கேட்பீர்கள். நம் ஊரில் தென்படும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பு கூடச் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிப்பட்டவர்கள் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பெயர் மட்டும் மந்திரித்தவருக்குப் போய்விடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு.

விஷத்தை முறிக்கும் உண்மையான மருந்து எப்படி வருகிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தை மிகக் கொஞ்சமாகக் குதிரையின் உடம்பில் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பு சக்தியிலிருந்து மருந்து தயாராகிறது. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதனுக்கும்! எந்த மந்திரக் கதைக்கு இது குறைச்சல்?

கதை எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே, 'இது கதை' என்று சொல்லிவிடுகிறார். நாமும் தெரிந்தேதான் உள்ளே போகிறோம். புத்தகத்தை மூடியதும் வெளியே வந்துவிடுகிறோம். வேப்பிலைக்காரர் அப்படிச் சொல்வதில்லை. அவரிடம் மூடி வைக்கப் புத்தகமும் இல்லை. ஆச்சி சொன்ன துட்டு விவகாரம் இதுதான்.

ஒன்றை மட்டும் நானும் ஒத்துக்கொள்கிறேன். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரியாது. டிவியில் 'சக்திமான்' வந்த காலத்தில், அதைப் பார்த்து ஆபத்தான காரியங்களில் இறங்கிய பிள்ளைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. அதனால் வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் தனியாக விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், மந்திரப் புத்தகம் எல்லாமே நல்ல புத்தகம் என்றும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், மண்டை ஓடு என்று ஓட்டுகிற குப்பையும் நிறைய உண்டு. அதைப் பத்துப் பக்கத்தில் கண்டுபிடித்துத் தூக்கிப் போட நீங்களே பழகிவிடுவீர்கள்.

இதையெல்லாம் நூலகத்தில் அந்த அம்மாவிடம் முழுவதும் சொல்ல நேரமில்லை. சீவகன் கதையை மட்டும் சொன்னேன். பையன் பின்னால் ஒளித்த புத்தகத்தை மறந்து, முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"சார், அந்த மயில் எப்படிப் பறந்துச்சு? மந்திரத்துலயா, மிஷின்லயா?"

"பொறிதான். வலப்பக்கம் திருகினால் மேலே எழும்பும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும் என்று எழுதியிருக்கிறார்கள்."

"அப்ப உள்ள என்ன இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மா நூலகரிடம் போய், "சீவக சிந்தாமணி, பிள்ளைகளுக்குப் புரியற மாதிரி உரைநடையில இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.