வீட்டுத் திரையரங்கில் தமிழ் கேட்கிறதா?



தீபாவளி நெருங்கும்போதும் ஆண்டிறுதியில் கையில் சிறிது பணம் புழங்கும்போதும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாடத்தைப் பற்றியதன்று. "ஐயா, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குள் நல்ல ஹோம் தியேட்டர் எது?" என்பார்கள். பள்ளி விழாக்களில் ஒலிவாங்கி, ஒலிபெருக்கிப் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. விளையாட்டுப் போட்டியன்று திடலில் நின்று கம்பி முடிபவன் எல்லாம் அறிந்தவனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் எண்ணம் போலும்.

நின்றபடியே நான் சொல்லும் விடை இதுதான்: ஐந்து குட்டி ஒலிபெருக்கிகளையும் ஒரு சப்வூஃபரையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கும் தொகுப்பை வாங்காதீர்கள். அதே பணத்தில் முன்புறத்திற்கு மூன்று நல்ல ஒலிபெருக்கிகளை வாங்குங்கள். அவற்றுள்ளும் நடுவில் வைப்பதைத்தான் முதலில் தேர்ந்தெடுங்கள். கேட்பவர் முகம் சற்று வாடும். "அப்படியானால் சுற்றொலி வேண்டாமா?" என்பார். வேண்டும், பிறகு வேண்டும். காரணத்தை நின்றபடியே சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு தீபாவளிக்கு நானும் அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கினேன். கடையின் பெயர் இங்குத் தேவையில்லை. பெட்டியின்மேல் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடையில் ஓர் ஆங்கிலப் படத்தின் கார் துரத்தும் காட்சியை ஓடவிட்டார்கள். தரை அதிர்ந்தது, என் அறிவும் அதிர்ந்துவிட்டது. வீட்டிற்குக் கொண்டுவந்து, பின்புற ஒலிபெருக்கி ஒன்றைச் சன்னல் கம்பியிலும் மற்றொன்றைச் சமையலறை வாசலுக்கு மேலும் ஆணியடித்து மாட்டினேன். சண்டைக் காட்சிகள் பிரமாதம். ஆனால், பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் ஒலியைக் கூட்ட வேண்டும். பாட்டோ அடிதடியோ வந்ததும் ஓடிப்போய்க் குறைக்க வேண்டும். இப்படியே பத்தாண்டுக்கும் மேல் ஓட்டினோம். படங்களே அப்படித்தான் வருகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுபதைக் கடந்தவர். தொடர்நாடகம் ஓடும்போது அடிக்கடி, "என்னய்யா சொன்னான் அவன்?" என்று பேரனைக் கேட்பார். அவன் உடனே சொல்லிவிடுவான். பிள்ளைக்குக் கூர்மையான காது என்று பெருமைப்பட்டேன். ஒருநாள் திரையின் அடியில் ஓடும் மலாய் மொழிபெயர்ப்பு ஏதோ கோளாற்றால் வரவில்லை. அன்று பாட்டி கேட்ட கேள்விக்குப் பேரனிடம் விடையில்லை. நான்காம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியில் படிப்பவன், தமிழாசிரியர் மகன், தமிழ் நாடகத்தை மலாயில் படித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதலில் அவன்மீதுதான் ஐயம் வந்தது. வகுப்பறைப் பழக்கம், சொல்வதெழுதுதல் வைத்துப் பார்த்தேன். 'வலி, வழி, வளி', 'தலை, தழை, தளை', 'அரை, அறை', 'மனம், மணம்' என்று இருபது தனிச்சொற்களைத் திருத்தமாக உச்சரித்துக் கைப்பேசியில் பதிவுசெய்தேன். வாக்கியமாகச் சொன்னால் பொருளை வைத்து ஊகித்துவிடுவார்கள் அல்லவா? அதனால்தான் தனிச்சொற்கள். அப்பதிவைக் கூடத்து ஹோம் தியேட்டரில் ஓடவிட்டு, மகனையும் ஐந்தாம் ஆண்டு படிக்கும் தங்கை மகளையும் எழுதச் சொன்னேன். இருபதுக்கு அவன் 11, அவள் 12. மறுநாள் சொற்களை மாற்றிச் சாதாரணக் காதணி ஒலிபெருக்கியில் கேட்க வைத்தேன். இருவரும் 18. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன்; பயிற்சிக் கல்லூரியில் என் விரிவுரையாளர் இதைப் பார்த்திருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பார். இருந்தாலும் குறை பிள்ளைகளிடம் இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

குறை எங்கே? 5.1 என்பதில் ஐந்து என்பது முன்புறம் இடம், நடு, வலம், பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு. புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வொலிக்கென்றே ஒதுக்கப்பட்ட தடம். திரைப்படத்தில் பாத்திரங்களின் பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் பதிவாகிறது. திரையரங்கில் எந்த ஓரத்தில் அமர்ந்தாலும் குரல் திரையிலிருந்தே வருவதுபோல் தோன்றுவது இதனால்தான். ஆக, படத்தின் கதை முழுவதும் அந்த நடு ஒலிபெருக்கியின் தோளில் இருக்கிறது. மலிவுத் தொகுப்பில் அது எப்படி இருக்கிறது? உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே இரண்டு மூன்று அங்குலக் கூம்பு ஒன்று. ஆண்குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. சின்னக் கூம்பால் அதைத் தர முடியாது. ஆகவே அப்பகுதியைக் கருவி சப்வூஃபருக்குத் தள்ளிவிடுகிறது. கதாநாயகனின் குரலில் பாதி திரையிலிருந்தும் பாதி சோபாவுக்குப் பின்னாலிருந்தும் வரும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக்காட்டும் நடு, உயர் அலைவெண்களோ தகரச் சத்தமாகி, சுவரில் பட்டுச் சிதறும். முதுமையில் காது முதலில் இழப்பதும் உயர் அலைவெண்களைத்தான். அம்மாவுக்கு எஞ்சியிருந்ததையும் நான் வாங்கிய பெட்டி பறித்துவிட்டது.

அந்த ஆயிரம் வாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் எண் பல நேரங்களில் பி.எம்.பி.ஓ. என்னும் கணக்கு. அதை அளக்க ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே கிடையாது. விற்பவர் மனம்போல் ஏற்றிக்கொள்ளலாம். தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலை ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் எங்கேனும் போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் படியுங்கள். படித்த பின்னும் மயங்காதீர்கள். வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். பன்னிரண்டடி அகலக் கூடத்தில் ஒரு குடும்பம் பேச்சு கேட்க, ஒவ்வொரு தடத்திற்கும் உண்மையான சில வாட்டுகளே பெரும்பாலும் போதும்.

"இரண்டு நல்ல ஒலிபெருக்கிகள் போதாவா?" என்று இசை அறிந்த நண்பர் ஒருவர் வாதாடினார். தனியாக அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. இரண்டுக்கும் சமதூரத்தில் அமர்ந்தால் நடுவில் ஒருவர் பாடுவதுபோலவே தோன்றும். ஆனால், நம் வீடுகளில் அந்த நடு இருக்கை யாருக்கு? அப்பா ஓரத்து நாற்காலியில், பிள்ளைகள் தரையில், பாட்டி சுவரோரத்தில், அம்மா சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையில். ஓரத்தில் இருப்பவருக்கு அந்த மாயநடு கலைந்து, குரல் பக்கத்து ஒலிபெருக்கிக்கு நகர்ந்துவிடும். குடும்பமாகப் பார்ப்பவர்களுக்கு உண்மையான நடு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

2022இல் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒருவர் விற்க வைத்திருந்த பழைய ஏ.வி. ரிசீவரை 350 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கும் முன் ஒவ்வொரு தடத்திலும் ஒரே ஒலிபெருக்கியை மாற்றி மாற்றிச் செருகி, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இதைச் செய்ய விடாதவரிடம் வாங்காதீர்கள். நடு ஒலிபெருக்கி ஒன்றும் இடவலத்துக்கு ஒரு சோடியும் சேர்ந்து 600 வெள்ளி. மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஒரே வரிசையாக இருந்தால் பேசுபவர் திரையில் இடமிருந்து வலம் நடக்கும்போது குரல் நிறம் மாறாது. சப்வூஃபர் இல்லை. பின்புறமும் இல்லை. ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் இவை இரண்டும் 'இல்லை' என்று குறித்துவிட்டால், பின்புறத்திற்கு வரவேண்டிய ஒலியை அது முன்புறத்திலேயே கலந்து தந்துவிடும். எதுவும் காணாமற் போகாது. பின்னாளில் வசதி வரும்போது இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். பெட்டித் தொகுப்பில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. அதன் செருகிகளே வேறு மாதிரி. ஒன்று பழுதானால் மொத்தமும் குப்பை.

இவ்வளவு கம்பி வேண்டாம் என்பவர்களுக்குச் சவுண்ட்பார் இருக்கிறது. நான் அதற்குப் பகைவன் அல்லன். இப்போதைய மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் எந்தச் சவுண்ட்பாரும் ஓரளவு மேல்தான். ஆனால், எண்ணைப் பாருங்கள். 2.1 என்றால் தனி நடு கிடையாது, 3.1 என்றால் உண்டு. விலை வேறுபாடு கைக்கு எட்டுமானால் 3.1க்கே போங்கள்.

வாங்கிய பிறகு பலர் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் ஐந்து ஒலிபெருக்கிகளும் சுவரில் அழகாகத் தொங்கின. மூன்றாண்டுகளாக நடு ஒலிபெருக்கி ஊமை. தொலைக்காட்சியின் ஒலி வெளியீடு 'பி.சி.எம். ஸ்டீரியோ' என்று வைக்கப்பட்டிருந்தது. 5.1 ஒலி கருவிக்குப் போய்ச் சேரவே இல்லை. ஏ.ஆர்.சி. என்று குறிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. துளையிலோ ஒளியிழைக் கம்பியிலோ இணைத்து, வெளியீட்டை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' என மாற்றினால் சரியாகிவிடும். பழைய படங்களும் பல நாடகங்களும் இரு தட ஒலியிலேயே வருவதால், அவற்றுக்கு ரிசீவரில் 'புரோ லாஜிக்' போன்ற முறையைத் தேர்ந்தால் பேச்சைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும். நடு ஒலிபெருக்கியை அலமாரிக்குள் புதைக்காமல், விளிம்போடு நிறுத்தி, அட்டையை மடித்து அடியில் செருகி, காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். காசில்லாத வேலை, மாற்றத்தை அன்றே உணர்வீர்கள். ஓடு பதித்த தரையும் சிமெண்டுச் சுவரும் எதிரொலிக்கும். சன்னலுக்குக் கனமான திரைச்சீலையும் நடுவில் ஒரு கம்பளமும் போட்டால் பாதி எதிரொலி அடங்கும்.

சப்வூஃபர் வாங்காததற்கு இன்னொரு காரணம், வரிசை வீடு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையே எட்டு மீட்டருக்கு மேல் நீளும். இரு வீட்டுக்கும் பொதுவான செங்கல் சுவர் அதற்குத் திரைச்சீலை மாதிரி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி தாதி. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர். பத்தாண்டுகளாக ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்த மறுவாரம், "பழுதாகிவிட்டதா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நண்பர்கள் சிலர், "படம் பார்ப்பதே கொண்டாட்டத்திற்கு, அதிலும் வாத்தியார் வேலையா?" என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். நல்ல பின்னணி இசை முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்போது எனக்கும் மெய் சிலிர்க்கும். ஐயாயிரம் வெள்ளி இருந்தால் நானும் சுற்றிலும் மாட்டுவேன். ஆனால், ஆயிரத்தை ஐந்தாகப் பிரித்தால் ஐந்தும் அரைகுறை. பள்ளியில் தமிழ்ப்பாட நேரம் முடிந்த பிறகு என் மாணவர் பலருக்குத் தமிழ் காதில் விழும் இடம் இரண்டு: வீட்டுப் பெரியவர் வாய், கூடத்துத் தொலைக்காட்சி. பெரியவர்களும் இப்போது கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள். எஞ்சிய ஒன்றிலாவது ழகரம் ழகரமாகக் கேட்கட்டும் என்று நான் ஆசைப்படுவது தவறா?

கடைக்குப் போகிறவர்கள் கார் துரத்தும் காட்சியைக் கேட்காதீர்கள். நன்கு தெரிந்த தமிழ்ப்படத்தில் இருவர் மெல்லப் பேசும் காட்சியை ஓடவிடச் சொல்லுங்கள். நடுவில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்தக் கருவியில் சொல் கடைசிவரை தெளிவாக நிற்கிறதோ அதை எடுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள மூத்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார்ப் பக்கம் போகிறவர்கள் சனிக்கிழமை மாலையைத் தவிர்ப்பது நல்லது. அந்த இரைச்சலில் எதையும் கேட்டு வாங்க இயலாது.

புதிய அமைப்பில் மீண்டும் இருபது புதிய சொற்களை வைத்துப் பார்த்தேன். மகன் 17, தங்கை மகள் 17. அம்மாவும் தாளும் பேனாவும் கேட்டு வாங்கி எழுதினார்; 14. 'தளை'யைத் 'தலை' என்று எழுதிவிட்டு, நான்தான் சரியாக உச்சரிக்கவில்லை என்கிறார்.