ஃபைட்டர் மீனுக்கு பாட்டில் போதுமா?

அக்கா பையனின் ஏழாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு நீல நிற ஃபைட்டர் மீன். "இதுக்குப் பெருசா எதுவும் வேணாம்மா, ஒரு பாட்டில் போதும்" என்று கடையில் சொன்னார்கள். நானும் நம்பினேன். அழகான கண்ணாடிக் குடுவை, அடியில் கலர் கூழாங்கல். ஞாயிறுதோறும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்புவோம். ஆறாவது வாரம் போன் வந்தது. "சித்தி, அது அடியிலேயே படுத்திருக்கு. தூங்குதா?"

தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. 2019-ல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயல், சதுப்பு, ஓடை என்று ஆழமில்லாத, செடிகள் அடர்ந்த தண்ணீரில் வாழ்வது. அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால், மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க இதன் தலைக்குள் தனி உறுப்பே இருக்கிறது. அதனால்தான் மற்ற மீன்கள் திணறிப்போகும் சின்ன டப்பாவில்கூட இது உயிரோடு இருக்கிறது. கொளத்தூர் பக்கம் போனால் கடைக்குக் கடை வரிசையாக டப்பாக்களில் வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஆண் மீன்களைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்பதால் விற்கும்வரைக்கான ஏற்பாடு அது. நாம் அதையே வீடு என்று நினைத்துக்கொள்கிறோம்.

மூச்சுக்குப் பிரச்னை இல்லை, சரி. கழிவு எங்கே போகும்? மீனின் கழிவும் மிச்ச இரையும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறுகின்றன. அது விஷம். நாளான தொட்டியில் ஃபில்டரிலும் கற்களிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த பாக்டீரியா கூட்டம் உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ வாரா வாரம் கல்லைத் தேய்த்து அதை ஒழித்துக்கொண்டிருந்தேன்! போதாததற்கு, குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு.

ஆக, தொட்டி குறைந்தது 10 லிட்டராவது இருக்க வேண்டும். 20 லிட்டர் என்றால் உங்களுக்கே வேலை குறைவு. தண்ணீர் கூடும்போது கழிவு சீக்கிரம் செறிவதில்லை, சூடும் சட்டென்று ஏறி இறங்குவதில்லை. ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். நீரோட்டம் வேகமாக இருந்தால் அந்த நீள வாலை வைத்துக்கொண்டு பாவம், நீந்தவே முடியாது. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது, இரவு முழுக்க ஏசி ஓடும் அறையைத் தவிர. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கட்டாயம் வேண்டும். நமக்கு ஆபத்து வேறு இடத்தில்: மே மாத மதியம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் கொதிநீர். பக்கெட்டில் பிடித்து ஆறவைத்து ஊற்றுங்கள்.

தொட்டிக்கு மூடி அவசியம், இது எகிறிக் குதிக்கும். ஆனால் விளிம்புவரை நிரப்பாதீர்கள், சுவாசிக்கக் காற்று இடைவெளி வேண்டும். கூரான பிளாஸ்டிக் செடிகள் வாலைக் கிழித்துவிடும். நிஜச் செடி வையுங்கள். தெருவோர நாட்டு பாதாம் மரத்தில் தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். பயப்பட வேண்டாம், அதன் கீழே மீன் ஒளிந்துகொள்ளும்.

இரை? ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று குருணை, தினமும் இரண்டு வேளை. "பசிக்குது போல" என்று வீட்டில் ஆளாளுக்குப் போட்டால் வயிறு உப்பிவிடும்.

இப்போது அக்கா வீட்டில் 20 லிட்டர் தொட்டியில் ஒரு சிவப்பு ஃபைட்டர். இந்தமுறை தொட்டியை முதலில் தயார் செய்துவிட்டு, ஒன்றரை மாதம் கழித்துத்தான் மீன் வாங்கினோம். வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த பையன் தினமும் என்னைத் திட்டினான். அந்த ஒன்றரை மாதமும் தொட்டிக்குள் துளித்துளியாக இரை போட்டு, அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பார்த்தது அவன்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்களாம். "மூணு நாள் யாரு சாப்பாடு போடுவா சித்தி?" என்றான். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் மூன்று நாள் பட்டினியைத் தாங்கும், பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டு மட்டும் போகாதே என்றேன்.