சாத்திய கதவுக்குள் யாரை இருத்துகிறீர்கள்?

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்குடாவிலிருந்து ஒரு தகப்பன் எழுதுகிறேன். இந்தப் பக்கத்து அலுவலகங்களில் கொடுத்த கடிதங்கள் கோப்புக்குள்ளேயே கிடக்கின்றன. அதனால் ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

யுத்தமும் 2004 சுனாமியும் அடித்துப் போட்ட கரை இது. ஆற்றுப்படுத்தல் என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வகுப்பில் பிள்ளை பேசாமல் இருந்தால் உளவளத்துணைக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். வாகரையிலிருந்து பஸ் ஏறி வந்த தாய், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வாங்கில் குந்தியிருப்பாள். கதவு சாத்தப்படும். சாத்தத்தான் வேண்டும், மனம் திறந்து பேச அந்த மறைவு தேவை. ஆனால் உள்ளே இருப்பவரின் பின்னணியை யாராவது பார்த்தார்களா?

இந்தியாவின் திருவனந்தபுரத்தில் நடந்ததைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். 2017இல் 13 வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் உளவியலாளர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் போலி ஆள் அல்லர். படித்தவர், அரசாங்கப் பதவியில் இருந்தவர். தன் வீட்டோடு வைத்திருந்த கிளினிக்கில் அந்தப் பிள்ளையைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். 2022இல் நீதிமன்றம் 6 வருடக் கடூழியச் சிறை விதித்தது. அதே வருடம், அதே ஆளுக்கு, சிகிச்சைக்கு வந்த இன்னொரு சிறுவனின் வழக்கில் 7 வருடம். அந்தப் பிள்ளைக்குக் கொடுமை நடந்தது முதல் பிள்ளையின் முறைப்பாட்டுக்கும் முன்னால்.

கௌரவ அமைச்சரே, இதைக் கவனியுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கும் ஒரு பொலிஸ் சான்றிதழ் இப்படிப்பட்டவரைக் காட்டிக்கொடுக்காது. முறைப்பாடுகள் பதிவாக வேண்டும். ஆள் இடம் மாறினால் அவையும் கூடவே போக வேண்டும். இங்கிலாந்தின் சோஹாமில் 2002இல் இரண்டு 10 வயதுச் சிறுமிகளைக் கொன்ற பாடசாலைப் பராமரிப்பாளர் மீது வேறு ஊரில் முன்பே பல முறைப்பாடுகள் இருந்தன. வேலை கொடுத்த பாடசாலைக்கு அவை போய்ச் சேரவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்த பிறகுதான் அந்த நாடு பின்னணிச் சோதனையை இறுக்கியது.

நாங்களும் புதைத்துவிட்டுத்தான் பாடம் படிக்க வேண்டுமா?

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் பொலிஸ் நற்சான்றிதழுக்கு அலைகிறார்கள். அந்நியர் வீட்டுக்கும் கடைக்கும் எங்கள் பிள்ளைகளின் நன்னடத்தைக்கு உத்தரவாதம் கொடுக்கிற அரசாங்கம், எங்கள் பிள்ளைகளின் முன்னால் தனியறையில் இருக்கிறவருக்கு ஏன் கொடுக்கவில்லை? வைத்தியருக்கு மருத்துவ சபைப் பதிவு உண்டு. உளவளத்துணையாளர் என்று பலகை மாட்டுகிறவரைத் தடுத்துக் கேட்க யார் இருக்கிறார்கள்? 1873இல் வெள்ளைக்காரன் எழுதிய மனநோய்க் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம் ஓட்டப் போகிறீர்கள்?

இந்தத் தொழிலில் நல்லவர்கள் நிறையப் பேர். செத்துப்போக நினைத்த எத்தனையோ பேரைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். சோதனை வந்தால் அவர்கள் பெயரும் காப்பாற்றப்படும்.

சட்டப்படி பதிவு, குறித்த காலத்துக்கு ஒருமுறை பொலிஸ் பின்னணிச் சோதனை, பெற்றோர் கேட்டுப் பார்க்கக்கூடிய பெயர்ப்பட்டியல். இவற்றைச் செய்யுங்கள். பிள்ளை சீரழிக்கப்பட்ட பிறகு நியமிக்கும் விசாரணைக் குழு எங்களுக்கு வேண்டாம். இத்தனையும் தெரிந்திருந்தும் இனியும் பேசாமல் இருந்தால், நடக்கப்போகும் குற்றத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

இப்படிக்கு,
கல்குடாவிலிருந்து ஒரு தகப்பன்