லேசர் ஒளியின் வலிமையும் செம்மையும்

குறைகடத்தி லேசரைப்பற்றிப் பேசுவோர் பலர் முதற்கண் வினவுவது, “அஃது எத்தனை வாட் தரும்?” என்பதே. அவ்வினா பாதி வினாவே என்பது எமது கருத்து. அவ்வொளிக்கற்றை எத்துணைச் செம்மையாய்ச் செல்லுகின்றது என்பதும் உடன் வினவப்படல் வேண்டும்.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் ஹாலும் அவர்தம் துணைவரும் காலியம் ஆர்ஸெனைடுச் சில்லொன்றில் லேசர் ஒளியை எழுப்பினர். அது திரவ நைட்ரஜனின் குளிர்ச்சியில், மின்துடிப்புக்களால் மட்டுமே இயங்கிற்று. 1970-இல் லெனின்கிராடில் ஆல்பெரோவ் குழுவினரும், பெல் ஆய்வுக்கூடத்தில் ஹயாஷியும் பானிஷும், அறை வெப்பநிலையில் இடையறாது ஒளிரும் லேசரை ஆக்கினர். பின்னர் வலிமை வளர்ந்தது. இடரும் உடன் வளர்ந்தது.

ஒளி வெளிப்படும் வாயில் சில மைக்ரோமீட்டர் அகலமே ஆயின், கற்றை செம்மையாயிருக்கும். ஆனால் வலிமையை மிகுப்பின் வாயிலின் முகப்பே உருகி அழியும். அதனை 100 மைக்ரோமீட்டராக அகற்றின் பத்து வாட்டுக்கு மேலும் பெறலாம். எனினும் பல அலைவடிவங்கள் ஒருங்கெழுந்து கற்றையைக் கெடுக்கும். சில்லுகளை அருகருகே அடுக்கினாலோ, வாட் கூடுமேயன்றிப் பிரகாசம் கூடாது. வில்லையால் திருத்தலாகாதோ எனின், ஆகாது. வில்லை ஒளிப்புள்ளியைச் சிறிதாக்குமளவு விரிகோணத்தைப் பெரிதாக்கும். ஆதலின் செம்மை சில்லின் அமைப்பிலேயே பிறத்தல் வேண்டும்.

“சீர்கெட்ட ஒளியை இழை லேசருக்கு ஊட்டி நற்கற்றை பெறுகின்றோமே, இவ்வுழைப்பு எற்றுக்கு?” என்பாரும் உளர். உலோகம் வெட்டும் தொழிற்சாலைகள் பல அவ்வழியே நடைபெறுதல் உண்மையே. ஆயினும் ஒளியை ஒளியாக மாற்றுங்கால் ஒரு பங்கு வெப்பமாய் ஒழிகின்றது, கருவியும் பருக்கின்றது.

நேர்வழியும் உண்டென்று காட்டியவர் கியோட்டோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுசுமு நோடா. சில்லினுள் நுண்துளைகளை ஒழுங்குபெற நிரைத்து, பரப்பு முழுவதும் ஒரே அலையாய் அதிர்ந்து, மேற்புறமாக ஒளி வீசச்செய்தனர் அவர் குழுவினர். 1999-இல் தொடங்கிய அம்முயற்சி, 2023-இல் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள லேசரினின்று, 0.05 பாகை விரிவே உடைய 50 வாட் கற்றையைத் தந்தது. ஐம்பது வாட் பெரிதன்று. அடுக்கிய சில்லுகள் அதனினும் மிகத் தரும். அக்கற்றை சிதறாமையே பெரிது. அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

எனவே, ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டில் வாட் எண்ணை எழுதும் மாணவர், அதனருகே விரிகோணத்தையும் எழுதுவாராக. முன்னதை மட்டும் கண்டு வியப்பவர், விளக்கின் வெப்பத்தைக்கொண்டு அதன் வெளிச்சத்தை மதிப்பவரே ஆவர்.