புயலைக் கவனிப்போரும் புயலை அறிவிப்போரும்

வடகிழக்குப் பருவகாலத்தில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியதும், வானிலை சாஸ்திரத்தை எந்தக் கலாசாலையிலும் முறையாகப் பயிலாதவர்களாயினும், நமது இன்சாட் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களையும், ஜப்பானின் ஹிமவாரி 10 நிமிஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் படங்களையும், ரேடார் காட்டும் மழைத்திரளையும் இரவெல்லாம் கண்விழித்துப் பரிசீலித்து, தாங்கள் கண்டதை எளிய தமிழில் ஜனங்களுக்கு எடுத்துரைக்கும் ஆர்வலர்கள் பலர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இவர்களைச் சர்க்கார் இடையூறாகக் கருதுவதா, துணைவர்களாகக் கொள்வதா என்ற பிரச்னையில், துணைவர்களாகவே கொள்ள வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

புயலின் பலத்தை மேகங்களின் வடிவத்தைக் கொண்டே மதிப்பிடும் முறையை அமெரிக்க விஞ்ஞானி வெர்னன் ட்வோராக் 1970-களில் வகுத்தளித்தார்; புயலுக்குள் விமானம் செலுத்தி அளந்தறியும் வழக்கம் நம் கடற்பகுதியில் இல்லாமையால், புயல் கரையை நெருங்கி ரேடாரின் எல்லைக்குள் வரும்வரை, வானிலை இலாகாவின் நிபுணர்களும் பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். படம் கிடைப்பது சுலபம். அதைப் படிக்கும் வித்தையோ கடினம். அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் உச்சியிலுள்ள உஷ்ணநிலையைத்தான். மிகக் குளிர்ந்து வெளேரென்று தெரியும் திரளே புயலின் மையம் என்று புதியவர்கள் எண்ணிவிடக்கூடும். மேலடுக்குக் காற்று வேறு திசையில் பலமாக வீசும்போது அத்திரள் ஒருபுறம் தள்ளப்பட்டுவிட, மெய்யான மையம் தாழ்ந்த மேகங்களின் மெல்லிய சுழலாக வேறோரிடத்தில் நிற்கும். பொழுது விடிந்து பகலொளிப் படம் வந்த பிறகே பல சமயங்களில் அது புலப்படும். 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல், புயலாக மாறாமலே கரையேறக்கூடும் என்று ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டு, பின்னர் 29-ஆம் தேதி புயலாகி, மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தும் நகராமல் நின்று, அந்நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நிபுணர்களையே திணறவைக்கும் இத்தகைய புயலைப் பல கண்கள் கவனிப்பது லாபமே.

ஆனால், மேகத்தின் நிலையைச் சொல்வது வேறு, கடலுக்குப் போகாதே என்று எச்சரிப்பது வேறு என்பதை ஆர்வலர்கள் ஒருபோதும் மறக்கலாகாது. 2017-இல் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கருகே வெகு விரைவில் உருவெடுத்தபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்குச் செய்தி எட்டாமற்போன துயரத்தைக் குமரிக் கடற்கரைக் குடும்பங்கள் இன்னும் சுமக்கின்றன. அத்தகைய வேளையில் எச்சரிக்கை ஒரே குரலாக, பொறுப்பேற்கும் ஸ்தாபனத்திடமிருந்தே வரவேண்டும். பொய்யான அபாய அறிவிப்பால் ஜனங்களைப் பீதிக்குள்ளாக்குவோருக்கு 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அச்சட்டத்தைக் காட்டி, நேர்மையாகக் கணித்துத் தவறிய ஆர்வலர்களை எவரும் மிரட்டலாகாது.

ஆர்வலர்களைத் துணைவர்களாகக் கொள்வதற்கு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவில் 1997-இல் ஃபோர்ட் காலின்ஸ் நகரைப் பெருவெள்ளம் தாக்கிய மறு ஆண்டு, கொலராடோ மாகாணத்தில் ஒரு தன்னார்வ இயக்கம் தோன்றிற்று. சாமானியர்கள் தம் வீட்டு முற்றத்து மழைமானியில் அளந்து அனுப்பும் கணக்கை அந்நாட்டு வானிலை இலாகாவே இன்று உபயோகித்துக்கொள்கிறது. ஒரு பேட்டையில் வெள்ளமும் அடுத்த பேட்டையில் தூறலுமாகப் பெய்யும் சென்னைக்கு இதைவிட உகந்த ஏற்பாடு வேறில்லை. அடுத்த பருவமழை தொடங்குமுன், ரேடார்ப் படங்களோடு அவற்றின் ஆதாரமான அளவுகளையும் விலையின்றி வெளியிட்டு, தரமான மழைமானிகளை ஆர்வலர்களுக்கு வழங்கி, படம் படிக்கும் முறையில் அவர்களுக்குப் பயிற்சியளிக்க, சென்னையிலுள்ள மண்டல வானிலை நிலையம் முன்வர வேண்டும். அதற்கான செலவை மாநில சர்க்கார் ஏற்க வேண்டும்.