காலா மீனும் கொடுவா மீனும்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் அடையாற்று முகத்துவாரத்திலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. காலா உயர்ந்ததா, கொடுவா உயர்ந்ததா என்பதே அவ்வழக்கு. பயிர்த்தொழில் கற்ற எமக்கு இதில் என்ன வேலையென்று நேயர்கள் கேட்கலாம். பெருங்குடி முதல் கோவளம் வரையிலும் அதற்கப்பாலும், உவரேறிக் கெட்ட நிலத்தையுடையோர் சிலர், குளம் வெட்டி மீன் விட்டால் எதனை விடலாமென எம்மையே வினவுகின்றனராதலின், இவ்வழக்கில் எமது அபிப்பிராயத்தையும் கூறத் துணிந்தோம்.

தூண்டிற்காரர் காலாவைப் புகழ்வது நியாயமே. கலங்கிய ஆழமற்ற நீரில் கூட்டமாய்த் திரிந்து, கன்னத்தடியிலுள்ள மெல்லிய இழைகளால் இரையைத் தடவியறிந்து, கௌவியவுடன் அம்புபோற் பாயும். வெள்ளைக்காரர் இதனை ‘இந்தியன் சால்மன்’ என்றழைத்தனர். சால்மன் குலத்திற்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை. உண்பதற்கும் எமக்குக் காலாவே பிரியம். ஆயினும் கைபட்டால் வாடி, நீரைவிட்டு எடுத்த சிறிது நேரத்தில் மடியும் இம்மெல்லிய மீன் குளத்திற்கு ஏற்றதன்று. அதனைக் கடலுக்கே விட்டுவிடுவது உத்தமம்.

கொடுவாயோ வேறு சுபாவமுடையது. கல்லிடுக்கிலும் வேர்மறைவிலும் பதுங்கியிருந்து பாயும். உப்புநீர், சப்புநீர், நன்னீர் மூன்றிலும் பிழைக்கும். கல்கத்தாவில் ‘பெட்கி’ என்று போற்றப்படுவதும் இதுவே. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997-ஆம் ஆண்டில் இதனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு எடுத்தனர். நன்கு பராமரித்தால் ஓராண்டளவில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை எட்டக்கூடும்.

ஆனால் இலாபத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களை யாம் பலமுறை கண்டிருக்கிறோம். கொடுவாய்க் குஞ்சு தன் உடன்பிறந்தாரையே தின்னும். தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குள்ள குஞ்சையும் விழுங்கிவிடும். ஆகவே நாற்றங்காலில் மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை பெரியதையும் சிறியதையும் பிரித்து விடவேண்டும். நெல் நாற்றுக்குக் களையெடுக்கச் சோம்புகிறவர் இதில் இறங்காதிருப்பதே மேல். மேலும் இது மாமிச பட்சணி. தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்க்க இயலாது. மலிவான சிறுமீனோ, தக்க தயாரிப்புத் தீவனமோ தடையின்றிக் கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே மண்வெட்டியை எடுக்கவேண்டும்.

நல்ல நெல்வயலை வெட்டி உவர்நீர் தேக்குவதை யாம் ஒருக்காலும் ஒப்போம். கசியும் உப்பு அடுத்தவன் கிணற்றையும் கெடுக்கும். 2005-ஆம் ஆண்டின் சட்டப்படி உவர்நீர்ப் பண்ணைகள் கடலோர நீருயிர் வளர்ப்பு அதிகாரசபையிற் பதிவு பெறவேண்டும். விளைநிலத்தை இதற்காக மாற்றுவதும் கூடாது. கிராம அதிகாரிகள் அடங்கலில் பயிர்நிலமென்றுள்ளதைத் தரிசென்று மாற்றியெழுதும்படி வரும் வேண்டுகோள்களுக்கு இடங்கொடுத்தல் ஆகாது.

தூண்டிற்காரருக்கும் ஒரு வார்த்தை. இவ்விரண்டு மீன்களும் இளமையில் ஆணாயிருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறவை. படம் பிடித்துப் பெருமை கொள்ளும் அந்தப் பெரிய மீன் பெரும்பாலும் முட்டையிடும் தாயே. அதனைக் கொல்லுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கொக்கும். படமெடுத்தபின் நீரில் விட்டுவிடலாமே.

கடலில் பிறந்த கொடுவாய்க் குஞ்சு கழிகளில் ஏறியே வளர்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயிற் சேர்ந்து கோவளத்தருகே கடலை அடைகிறது. அச்சதுப்பு 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் ஏறிற்று. எனினும் வெள்ளம் வடியும் இவ்வழியே குஞ்சு ஏறக்கூடிய வழியுமாம். முகத்துவாரத்தில் மணல் மூடியிருப்பதையும், கரைகளில் குப்பையும் கட்டடக் கழிவும் கொட்டப்பட்டிருப்பதையும் அவ்வவ்வூர் அதிகாரிகள் ஐப்பசி மழைக்கு முன்னரே நேரிற் பார்த்து மேலிடத்திற்கு எழுதியனுப்புவார்களாக.